மகன் வீட்டு மண்

1

போன வாரம் ஒரு தம்பி போன் செய்தான். உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன், எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி. வேலை மாற்றலாகி இப்போதுதான் அரிசோனாவுக்கு வந்திருக்கிறான். நம்மூர் ஆள் இங்கே யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து என்னைப் பிடித்துவிட்டான்.

"அண்ணே, அப்பா அம்மாவ ஆறு மாசம் கூட்டியாந்து வச்சுக்கலாம்னு இருக்கேன். எந்த மாசம் தோதுபடும்?"

இந்தக் கேள்விக்குப் பலருக்கும் பதில் சொல்லிப் பழகிவிட்டது. கோடையில் கூட்டி வராதே, இந்த ஊர் வெயிலைப் பார்த்தால் மதுரை வெயில் தேவலை என்று அவர்களே சொல்வார்கள். இன்சூரன்ஸ் எடு. சர்க்கரை மாத்திரையை டாக்டர் சீட்டோடு கொண்டுவரச் சொல். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில், "வீட்டச் சுத்தி மண்ணைத் தோண்ட விட்றாதப்பா. புழுதிக் காத்தடிச்சா வெளிய விடாத. ஊருக்குப் போறப்ப லேசா இருமல் இருந்தாலும் இங்கயே டாக்டர்ட்ட காட்டிட்டு அனுப்பு" என்றேன்.

அவன் சிரித்துவிட்டான். "மண்ணைத் தோண்டவாண்ணே இம்புட்டு தூரம் வாராக?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அப்பா வந்து தோண்டினார். தோண்டியதில் கிளம்பிய புழுதி அவர் நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இங்கே பாலைவன மண்ணில் ஒரு பூஞ்சை இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது. இளவட்டங்கள் சளிக்காய்ச்சல் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்கள். வயதானவர்களையும் சர்க்கரைக்காரர்களையும் அது சுலபத்தில் விடுவதில்லை. அப்பா இரண்டு வகையிலும் சேர்த்தி.

பெற்றவர்களை இந்தப் பக்கம் அனுப்பப்போகிறவர்கள் ஊரில் பலர் இருப்பீர்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எழுதுவது அப்பாவுக்குப் பிடிக்காது. அவர் இப்போது இல்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2

அப்பா பெயர் ஒச்சப்பன். உசிலம்பட்டிக்கு மேற்கே மானாவாரி விவசாயி. வானம் பெய்தால் சோளம், துவரை, பெய்யாவிட்டால் மாடு. அம்மா போன பிறகு தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரை, நான்தான் நச்சரித்து வரவழைத்தேன்.

பீனிக்ஸுக்கு வெளியே எங்கள் குடியிருப்பில் எல்லா வீட்டுக்கும் ஒரே நிறம், வீட்டைச் சுற்றிப் புல்லுக்குப் பதில் சரளைக்கல். காரை விட்டு இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "என்னடா, ரோடு போடப் போறாய்ங்களா? வீட்டச் சுத்திச் சல்லியக் கொட்டி வச்சிருக்கீங்க."

நானும் என் மனைவி கலாவும் காலையில் வேலைக்குப் போய்விடுவோம். மகள் மீரா பள்ளிக்கூடம் போய்விடுவாள். பத்தாவது படிக்கிற பிள்ளை. அவளுக்குத் தமிழ் புரியும், பேச வராது. வரும் நாலைந்து சொல்லையும் தாத்தா சிரித்துவிடுவாரோ என்று பேச மாட்டாள். மாலையில் வந்து "ஹாய் தாத்தா" என்பாள். அவர் "வா ஆத்தா, சாப்ட்டியா" என்பார். அதோடு இருவருக்கும் பேச்சு தீர்ந்துவிடும். மிச்ச நேரமெல்லாம் அவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எதிர்வீட்டுக் கராஜ் கதவு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நாளில் முகம் வாடிவிட்டது. ஒரு சனிக்கிழமை, "ஒரு கடப்பாரையும் மம்பட்டியும் கெடைக்குமாடா இந்த ஊருல?" என்றார். எனக்கு அப்படியொரு சந்தோஷம். உடனே கடைக்குக் கூட்டிப் போனேன். அவரே மண்வெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, "பிடி இம்புட்டு நீளமா? நின்னுக்கிட்டேவா வெட்டுவாய்ங்க?" என்று குறைசொல்லிக்கொண்டே ஒன்றை எடுத்தார்.

பின்பக்கம் சரளையை ஒதுக்கிவிட்டுத் தோண்ட ஆரம்பித்தார். அடியில் சுண்ணாம்பு இறுகிக் கிடக்கிற மண். கடப்பாரை போட்டால் புகையாகக் கிளம்பும். ஒரு கட்டியை எடுத்து நொறுக்கி, மூக்குக்கு நேரே கொண்டுபோய் மோந்து பார்த்தார். அவர் எந்த நிலத்துக்குப் போனாலும் செய்வது அது. விதைக்கலாமா, பொறுக்கலாமா என்று மோந்துதான் சொல்வார்.

"வாசமே இல்லடா. மழை பாக்காத மண்ணு. ஆனா சொன்னா கேக்கும்."

கல் அதிகம் என்று சமையலறையிலிருந்து பெரிய சல்லடையை எடுத்துப்போய் மண்ணைச் சலித்தார். தினமும் சலித்தார். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, புழுதிக்கு நடுவே குத்தவைத்து உட்கார்ந்திருப்பார். நான் வேலை முடிந்து வரும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். போட்டோ எடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன். "அப்பா தெளிஞ்சுட்டாரு பாரு" என்று எழுதினேன். மதிலுக்கு மேல் மண்குவியல் தெரிகிறது என்று குடியிருப்போர் சங்கத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. "மண்ணக் கிண்டுறதுக்கும் மனுப் போடணுமாக்கும்?" என்று கேட்டுவிட்டு, குவியலைத் தட்டிச் சமப்படுத்தினார். அதிலும் ஒரு புழுதி கிளம்பியது.

கத்தரி காய்த்தது. மிளகாய் காய்த்தது. ஊருக்குக் கிளம்புகிற வாரத்தில் அப்பா இருமிக்கொண்டிருந்தார். ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். இருமல் மருந்து ஒரு பாட்டிலைப் பெட்டியில் வைத்து விமானம் ஏற்றிவிட்டேன்.

3

ஊருக்குப் போய் இருமல் நிற்கவில்லை. சாயங்காலமானால் காய்ச்சல், இரவில் வேர்வை, வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிவு. தங்கை பேச்சி மதுரையில் வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறாள். அவள் தன் வீட்டுக்கு அழைத்துவந்து, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காட்டினாள். எக்ஸ்ரே படத்தில் நுரையீரலில் நிழல். சளிப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. ஆனால் காய்ச்சல், இருமல், மெலிவு, நிழல் என்று நான்கும் சேர்ந்தால் நம் ஊரில் அதற்குப் பெயர் டி.பி. மாத்திரையை ஆரம்பித்தார்கள். அந்த டாக்டரை நான் குறைசொல்ல மாட்டேன். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

தங்கை வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். அப்பாவுக்கு மாடியில் தனி அறை, தனித் தட்டு, தனித் தம்ளர். பிள்ளைகள் படியேறக் கூடாது. அப்பா அதைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார் என்று பேச்சி பின்னால் சொன்னாள். பிள்ளைகள் கீழ்ப்படியில் நின்று கத்துவார்களாம், இவர் மேலிருந்து பதில் கத்துவாராம், கத்தியதும் இருமல் வந்துவிடுமாம்.

நான் போயிருக்க வேண்டும். கிரீன் கார்டு மனு நடுவழியில் நின்றுகொண்டிருந்தது. பயண அனுமதி வராமல் நாட்டை விட்டு வெளியேறினால் மனு செத்துவிடும் என்றார் வக்கீல். அனுமதிக்கு விண்ணப்பித்தேன். கைரேகைக்குக் கூப்பிட்டார்கள், பிறகு சத்தமில்லை. தொலைபேசியில் கூப்பிட்டால் ஓர் இயந்திரம் என் பொறுமைக்கு நன்றி சொல்லும். அந்த இயந்திரத்தைத் தமிழில் நான் திட்டிய திட்டு, நல்லவேளை யாருக்கும் புரியாது.

வீடியோவில்தான் அப்பாவைப் பார்த்தேன். மாத்திரை தின்னத் தின்னத் தேறுவார் என்றார்கள். மாசம் கூடக் கூடக் கன்னம் உள்ளே போனது. மருந்தை மாற்றினார்கள். மருந்துக்குக் கட்டுப்படாத டி.பி.யாக இருக்குமோ என்று பேச்சு வந்தது. மீராவைக் கூப்பிட்டுத் திரைக்கு முன் நிறுத்துவேன். "ஹாய் தாத்தா" என்பாள். அவர் அதே போல, "சாப்ட்டியா ஆத்தா" என்பார்.

4

எங்கள் பக்கத்து வீட்டில் தனியாக ஒரு அம்மாள் இருக்கிறார். ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். அவரிடம் ஒரு பழுப்பு நாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிலுக்கு அந்தப் பக்கம் நாய் இருமிக்கொண்டிருந்தது. நாய் இருமி நான் கேட்டதில்லை. ஒப்புக்கு விசாரித்தேன்.

"வேலி ஃபீவர்தான்" என்றார் அந்த அம்மாள், ஏதோ ஜலதோஷம் என்பதுபோல. பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்று அர்த்தம், இங்கத்து மண்ணில் இருக்கிற பூஞ்சையால் வருவது. "எந்நேரமும் மண்ணைத் தோண்டிக்கொண்டே இருக்கும். தோண்டுகிற நாய்க்கு இது வரத்தான் செய்யும். டாக்டர் பார்த்ததுமே சொல்லிவிட்டார். மாத்திரை கொடுக்கிறேன், தேறி வருகிறது."

  மனிதர்களுக்கும் வருமா என்று கேட்டேன். ஏன் வராது, தன் கணவருக்கே வந்தது என்றார். காய்ச்சல், இருமல், இரவு வேர்வை, மெலிவு என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, மாடியறையில் உட்கார்ந்திருக்கும் அப்பா என் கண்முன் வந்தார்.

வீட்டுக்குள் வந்து கலாவிடம் சொன்னேன். சோபாவில் படுத்திருந்த மீரா தலையை நிமிர்த்தினாள்.

"வேலி ஃபீவரா? பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்கள். புழுதி வந்தால் உள்ளே போய்விட வேண்டும் என்று" என்றாள் ஆங்கிலத்தில்.

"தாத்தா தோண்டுறப்ப ஏன் சொல்லல?"

பிள்ளை திகைத்துப்போய்ப் பார்த்தாள். பிறகு, "எனக்கு அதைத் தமிழில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் யாரும் என்னைக் கேட்கவும் இல்லை" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அவளைக் கேட்டதே தப்பு. பல வருஷமாக இந்த ஊரில் இருக்கிற எனக்கே தெரியவில்லை. வேலைக்குப் போனேன், வீட்டுக்கு வந்தேன், வரி கட்டினேன். காலடியில் என்ன இருக்கிறது என்று விசாரிக்கத் தோன்றவில்லை.

5

உடனே பேச்சிக்குப் போன் போட்டேன். "டாக்டருக்கு அப்பா இங்க வந்துட்டுப் போனது தெரியும்ல?" என்றேன்.

அந்தப் பக்கம் டி.வி.யை அணைப்பது கேட்டது.

"பேச்சி, கேக்குதா?"

"அண்ணே, ஏசாத. நாங்க அமெரிக்கான்னு சொல்லல."

"என்னது?"

"சொன்னா பில்லத் தீட்டிப்புடுவாய்ங்கண்ணே. அம்மாவச் சேத்தப்ப பெரிய மாமா வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்காம, பையன் அமெரிக்கான்னு பெருமையாச் சொல்லி, அம்புட்டு டெஸ்ட்டும் எடுத்தாய்ங்கள்ல? அதான் இந்தத் தடவ அப்பாவே சொல்லிட்டாரு, மூச்சு விடக்கூடாதுன்னு."

ஊரில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நாம் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிவிட்டுப் போகிற ஆட்கள். பேச்சி அப்பாவை நன்றாகவே தயார்செய்திருக்கிறாள். நான் வாங்கிக்கொடுத்த ஷூவைக் கழற்றிவிட்டு ரப்பர் செருப்பு. கைக்கடிகாரத்தைக் கழற்றி பீரோவில். பழைய வேட்டி. டாக்டர் முறையாகத்தான் கேட்டிருக்கிறார், வெளியூர், வெளிநாடு எங்கேயாவது போனாரா என்று. பேச்சியின் கணவர் தவசி முந்திக்கொண்டு, "அவரு எங்க சார் போறாரு, காடு கரைன்னு கெடக்குற மனுசன்" என்று சொல்லிவிட்டார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறார்.

தவசி போனை வாங்கினார். "மச்சான், தப்பாப் போச்சா?"

"போயி உண்மையச் சொல்லுங்க மாப்ள. எம்புட்டு பில்லு வந்தாலும் வரட்டும். இப்பவே போங்க."

போனார்கள். டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாராம். "இத்தனை மாசமா இதைச் சொல்லாம இருந்தீங்களா? அந்த நாட்டுப் பாலைவன மண்ணுல இருக்கிற பூஞ்சை இது. இங்க நாங்க பாக்குறதே அபூர்வம். எங்க போனாருன்னு தெரியாம அதை எப்படி யோசிப்போம்? சளியை லேப்ல வளர்த்தா இது தூசியாப் பறக்கும், வளர்த்துப் பாக்குற பிள்ளைங்களுக்கும் ஆபத்து, தெரியுமா?" என்று சத்தம்போட்டிருக்கிறார்.  பிறகு ஆய்வகத்துக்கு எச்சரிக்கை எழுதி, வெளியூருக்கும் மாதிரி அனுப்பி, கடைசியில் அதேதான் என்று உறுதியானது.

மருந்து மாறியது. இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிற நோயே இல்லை என்று டாக்டர் சொன்னதைக் கேட்டுத்தான் பேச்சி உடைந்துபோனாள். "பிள்ளைகள அண்ட விடாம வச்சிருந்தேனேண்ணே, தட்ட ஒதுக்கி வச்சேனேண்ணே" என்று போனில் கதறினாள்.  அவளாவது தட்டு கழுவிப் போட்டாள். நான் இங்கிருந்து போட்டோ பார்த்தேன்.

6

பயண அனுமதி ஒருவழியாக வந்தது. போனேன். புது மருந்தில் காய்ச்சல் விட்டு, அப்பா ஊருக்கே திரும்பியிருந்தார். மூச்சு மட்டும் திரும்பவில்லை. தெருமுனை டீக்கடை வரை நடந்துபோய், பெஞ்சில் உட்கார்ந்து இளைப்பாறித்தான் டீ சொல்வார்.

ஒருநாள் நானும் கூடப் போனேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் வந்தார். "என்ன ஒச்சப்பா, இப்படி எலும்பா போயிட்ட?" என்றார்.

"டி.பி.ப்பா. மாத்திர திங்கிறேன், தேவல" என்றார் அப்பா.

வந்தவர் உட்கார இருந்த பெஞ்சை விட்டு விலகி, நின்றபடியே டீயைக் குடித்துவிட்டுப் போனார். டீக்கடைக்காரர் அப்பாவுக்கு மட்டும் காகிதக் கப்பில் கொடுத்தார். அப்பா அதைப் பழகிப்போனவர் மாதிரி வாங்கிக் குடித்தார். எனக்குத் தாங்கவில்லை. வீடு வரும் வழியில், "ஏம்ப்பா பொய் சொல்றீங்க? அது டி.பி. இல்லைன்னு ஆயிருச்சுல்ல? ஒட்டுற நோயே இல்லைன்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் வேப்பமரத்தடியில் நின்று மூச்சு வாங்கினார்.

"டி.பி.ன்னா என்னைய நாலு பேரு ஒதுக்குவாய்ங்க. அதோட போச்சு. மகன் வீட்டுக்குப் போயி வந்துச்சுன்னு சொல்லிப் பாரு. அமெரிக்காவுக்குக் கூட்டிட்டுப் போயி அப்பன மண்ணு வெட்ட விட்டுருக்கான்டான்னு பேசுவாய்ங்க. உன் பொண்டாட்டியப் பேசுவாய்ங்க. நீ நாளப்பின்ன இந்த ஊருக்குள்ள வரணும்ல?"

"பேசிட்டுப் போறாங்கப்பா."

"உனக்கென்ன, நீ போயிருவ. இங்க கேக்குறவன் நானு." கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பி, "யார்ட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாத. சொல்லிப்புட்டேன்" என்றார்.

அவரிடம் மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. இரண்டு வாரம் இருந்துவிட்டுத் திரும்பினேன்.

7

மருந்து பூஞ்சையைக் கட்டுக்குள் வைத்தது என்றுதான் டாக்டர் கடைசி வரை சொன்னார். ஆனால் அதற்கு முன்பே பாதி நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. சில மாதங்கள் முன்னால் ஆரம்பித்திருந்தால் என்று அவர் தொடங்கிய வாக்கியத்தை நான் முடிக்க விடவில்லை. போன மழைக்காலத்தில் சாதாரணச் சளி ஒன்று பிடித்தது. அதைத் தாங்க அப்பாவிடம் மூச்சு இல்லை.

கலாவோடு ஊருக்கு விமானத்தில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன். இனி யாருக்குப் பயம்? ஊர் பேசினால் பேசட்டும். கேட்கிறவர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும், அது டி.பி. இல்லை, என் வீட்டுப் பின்பக்கத்து மண், நான் வாங்கிக் கொடுத்த மண்வெட்டி, நாங்கள் மறைத்த ஊர்ப்பெயர் என்று. காகிதக் கப்பில் டீ குடித்த மனிதருக்கு அதையாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது.

எல்லாம் முடிந்து குளித்துவிட்டுப் பந்தலில் உட்கார்ந்திருந்தேன். திருமங்கலத்திலிருந்து வந்திருந்த தூரத்து உறவு, பெரியப்பா முறை, பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சுற்றிலும் ஊர்க்காரர்கள் இருந்தார்கள். டீக்கடைக்காரரும் இருந்தார்.

"என்ன சீக்குப்பா உங்கப்பனுக்கு? நல்லாத்தான இருந்தான்?"

வாயைத் திறந்தேன். பேச்சி வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கலா, பெண்களுக்கு நடுவே, தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். இந்த வார்த்தையைச் சொன்னால் அடுத்த நிமிடம் அத்தனை முகமும் அவள் பக்கம் திரும்பும். வேப்பமரத்தடியில் மூச்சு வாங்கிக்கொண்டு அப்பா எதைத் தடுத்தாரோ, அதுதான்.

"டி.பி. பெரியப்பா" என்றேன்.

அவர் தெரிந்த விஷயம்போலத் தலையை ஆட்டினார். "எல்லாம் பீடி பண்ற வேலப்பா. அந்தக் காலத்து ஆளுக சொன்னா எங்க கேக்குறாய்ங்க? நெறையக் குடிப்பானோ?"

என் அப்பா வாழ்நாளில் பீடியைத் தொட்டவர் இல்லை. பஸ்ஸில் பக்கத்து ஆள் பற்றவைத்தால் எழுந்துபோய் நின்றுகொண்டு வருவார்.

"ஆமா பெரியப்பா," என்றேன், "கொஞ்சம் குடிப்பாரு."